திருப்பிப் பார்க்காத துண்டு

"அந்தத் துண்டைத் திருப்பிப் பாத்தீங்களா, மேடம்?"

எட்டு மாதங்களுக்கு முன்பு, வண்டித் தகர வேலை செய்யும் டிங்கர் அவளிடம் கேட்ட கேள்வி. பழைய வண்டி வைத்திருப்போர் சங்கத்தின் கூட்ட அறையில், முப்பது பேருக்கு முன்னால், அவர் நின்றுகொண்டு கேட்டார். அவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு."

பாதிப் பேர் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

இன்று காலை பத்து மணிக்கு, சலவைக் கடை மாடியில் இருந்த தன் அலுவலகத்தில், அவள் அந்தத் தகரத் துண்டை முதல் முறையாகத் திருப்பினாள். திருப்பியதும் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

கதவில் 'தனியார் துப்பறிவாளர்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் அவளுக்குப் பெயர் ஒற்றைச்சடை. பதினான்கு வருடத் தொழில். அதில் ஒரு முறைகூட யாரும் அவள் அறிக்கையைத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமையை அவள் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் படியேறுவாள்.

"என்ன மேடம், பேயைப் பாத்த மாதிரி இருக்கீங்க?"

உள்ளே வந்தது கண்டக்டர். இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு, இப்போது அவளுக்கு உதவியாளர். ஐம்பத்து மூன்று வயது. தொப்பையும் வாயும் அவருக்கு முன்னால் வந்து சேரும்.

"இங்க வாங்க. கையை நீட்டுங்க."

அவர் உள்ளங்கையில் இரண்டு வெள்ளைத் துணுக்குகளை வைத்தாள். "தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

கண்டக்டர் இரண்டையும் அமுக்கினார். இரண்டும் ரப்பர் போல உள்ளே போய் வெளியே வந்தன. "ஒட்டிப் பிறந்த ரெட்டைங்க. ஒண்ணு கொஞ்சம் வயசானது."

"சின்னது நேத்து பிளம்பர் நம்ம வாஷ்பேசினைச் சுத்திப் பூசினதுல தரையில விழுந்தது. பெருக்கும்போது கையில பட்டுது. எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு."

"வயசானது?"

"கேக் அம்மா வேன்ல நான் அறுத்த தகரத் துண்டுல, வெளிப்பக்கம் இருந்தது."

கண்டக்டரின் கை அப்படியே நின்றது. "அந்த டிங்கர் கேஸா? பழைய டிக்கெட் மேடம் அது. கிழிச்சுப் போட்டாச்சு."

கிழித்துப் போட்டது அவள்தான். மூன்று வருடங்களுக்கு முன் கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் ஒரு பழைய வேன் வாங்கினார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை எல்லாம் இருக்கும் வெள்ளை வேன். பழைய வேன்களுக்கு ஒரு வியாதி உண்டு. தகரமும் தகரமும் சேரும் இணைப்புக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், துரு உட்கார்ந்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி, மருந்து தடவி, இணைப்பை மூடித் தரச் சொல்லி டிங்கரிடம் விட்டார்கள். அவரும் செய்து கொடுத்தார். போன வருடம் சாலையில் ஒரு திடீர் பிரேக். பின் இருக்கையில் தம்பியின் பெல்ட்டைப் பிடித்திருந்த போல்ட், அடித் தகரத்தோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. தம்பி நீச்சல் மாஸ்டர். இடுப்பு எலும்பு உடைந்து, இப்போது ஊன்றுகோல்.

யார் காரணம் என்று கண்டுபிடிக்க அக்கா ஒற்றைச்சடையிடம் வந்தாள். ஒற்றைச்சடை பிய்ந்த இடத்திலிருந்து ஒரு துண்டு அறுத்தாள். உள்பக்கம் சாம்பல் நிறப் பசை, பிரஷ் ஓடிய கோடுகள், அதன் அடியில் துரு. 'துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பசை பூசப்பட்டிருக்கிறது' என்று எழுதினாள். ஒரே வரி. சங்கம் தன் நம்பகமான பட்டறைகளின் பட்டியலிலிருந்து டிங்கர் பெயரை அடித்தது. இரண்டே மாதத்தில் பட்டறையில் பூட்டு தொங்கியது.

"அறுக்கும்போது வெளிப்பக்கம் வெள்ளையாத் தெரிஞ்சுது. வண்டியும் வெள்ளை. பெயின்ட்டுன்னு நினைச்சுட்டேன்," என்றாள் ஒற்றைச்சடை. "தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தொடல."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "வாஷ்பேசின் பசையை டிங்கர் எதுக்கு வேன்ல பூசணும்?"

"அதான் கேள்வி."

"அவர் பூசலைன்னா யாரு பூசினது?"

"அது அடுத்த கேள்வி."

"பூசினா என்ன ஆகும்?"

"எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்டுட்டா எனக்கு என்ன வேலை?"

"சரி, நீங்க ஓட்டுங்க. நான் விசில் மட்டும் அடிக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. துண்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பெட்ரோல் பங்கின் பின்புறம் இருந்தது வண்டி கழுவும் இடம். மூன்று தடுப்புகள், தரையெல்லாம் நுரை. நடுத் தடுப்பில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, டிங்கர் ஒரு காரின் சக்கரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். தண்ணீரை நிறுத்தவில்லை. அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி அது பாய்ந்தது.

"நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கறேன்," என்றாள் அவள்.

"நினைச்சு முடிச்சிட்டு வாங்க. எனக்கு இன்னும் ஆறு வண்டி இருக்கு."

"அண்ணே, கொஞ்சம் தண்ணியை நிறுத்துங்க," என்றார் கண்டக்டர். "நான் காலையில குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"பாத்தா தெரியல."

"அது எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க."

டிங்கரின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. குழாயை மூடினார். ஒற்றைச்சடை உறையை நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு துண்டை எடுத்தார். எடுத்ததும் முதலில் அதைத் திருப்பினார். அவள் காது மடல் சூடேறியது.

"இந்தச் சாம்பல் என்னோடது. இந்த வெள்ளை என்னோடது இல்ல. இது குளியலறைக்குப் பூசறது. இதுல ஆசிட் மாதிரி ஒரு புளிப்பு இருக்கு, தகரத்துக்கு ஆகாது. பட்டறையில எவனும் தொடமாட்டான்."

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே," என்றார் கண்டக்டர்.

"என் கையில துண்டையே குடுக்கல. தள்ளி நின்னு பாத்தேன், ஓரத்துல ஏதோ வித்தியாசமாத் தெரிஞ்சுது. திருப்பிப் பாத்தீங்களான்னு கேட்டேன். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு மேடத்தைக் கேளுங்க."

அந்தக் கூட்ட அறையின் சிரிப்பு ஒற்றைச்சடைக்கு மறுபடி கேட்டது. அதில் அவள் சிரிப்பும் இருந்தது.

"யாரு பூசியிருப்பாங்கன்னு இதைப் பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

டிங்கர் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். வேண்டாம் என்று நினைத்தும் அவருக்குள் இருந்த தொழில்காரன் எழுந்து வந்துவிட்டான். "பிளம்பர் இல்ல. பிளம்பர் பூசினா விரலால வழிப்பான், குழி விழும். இதை யாரும் தொடவே இல்ல. ட்யூப்ல இருந்து இறங்கினது இறங்கின மாதிரி நிக்குது, நூல் பிடிச்ச மாதிரி. முடியற இடத்தைப் பாருங்க."

கோடு முடியும் இடத்தில் பசை ஒரு சின்ன வால் விட்டிருந்தது. இடப்பக்கமாகச் சுழித்து, சட்டென்று மேலே தூக்கியது போல.

"கமா போட்ட மாதிரி இருக்கு," என்றார் கண்டக்டர்.

"நல்ல கை. தெரியாத வேலை, ஆனா ரொம்ப நல்ல கை," என்றார் டிங்கர்.

"மன்னிச்சிருங்க," என்றாள் ஒற்றைச்சடை.

"அதை வெச்சு நான் என்ன பண்றது? இந்த வண்டியைத் துடைக்கவா?" அவர் துண்டை அவள் கையில் திருப்பி வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழாயைப் பார்த்தே பேசினார். "எனக்கு அந்த ஜாயின்ட்டை நானே திறந்து பாக்கணும். எட்டு மாசமா எல்லாரும் சொல்றாங்க. சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை அந்த இடத்துல நான் சரியா சுரண்டாம விட்டுட்டேனோன்னு. அந்தத் தம்பி நடக்கறதை ஒரு நாள் கடைத்தெருவுல பாத்தேன். பாத்துட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்."

பெயரை மட்டுமல்ல, தன் கை மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையையும் அந்த ஒரு வரி பிடுங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைச்சடைக்கு அது இதுவரை தெரியாது.

"இப்பவே போகலாம்," என்றாள்.

கேக் அம்மாவின் வீட்டில் சமையலறைதான் தொழிற்சாலை. ஜன்னலோரம் பெரிய மேஜை, அதில் மூன்று அடுக்குக் கேக். அவள் குனிந்து, கூம்புப் பையை இரண்டு கையாலும் பிடித்து, கேக்கின் விளிம்பில் கிரீம் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. கண்ணாடியில் மாவு படிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் டிங்கரைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள்.

"இவரை எதுக்கு என் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்க?"

"வேனை இன்னொரு முறை பாக்கணும்மா," என்றாள் ஒற்றைச்சடை.

"பாத்துத்தானே எழுதினீங்க? அதுல என்ன மிச்சம்? இவர் அரைகுறையா வேலை பாத்தாரு, என் தம்பி இடுப்பு போச்சு. இதுல மறுபடி பாக்க என்ன இருக்கு?"

டிங்கர் வாசற்படியிலேயே நின்றார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒற்றைச்சடை பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது அவள் கண் கேக்கில் விழுந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, நூல் பிடித்த மாதிரி. எந்த இடத்திலும் விரல் படவில்லை. கோடு முடியும் இடத்தில் ஒரு சின்ன வால், இடப்பக்கம் சுழித்து, மேலே தூக்கி.

"மேடம்," என்று கண்டக்டர் அவள் தோளருகே முணுமுணுத்தார். "நம்ம கமா."

அவள் அவர் காலை மிதித்தாள்.

இந்த வீட்டுக்கு ஒரு குற்றவாளியைக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அந்தக் குற்றவாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது?

"அக்கா, பாத்துட்டுப் போகட்டும்." உள் அறையிலிருந்து நீச்சல் மாஸ்டர் வந்தான். அகலமான தோள், அதற்குப் பொருந்தாத மெதுவான நடை. "நானும் கூடப் போறேன். நீ கேக்கை முடி. நாலு மணிக்கு ஆள் வந்துடுவாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைக் கையில் எடுத்தாள்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. வேன் நான்கு மரக்கட்டைகள் மேல் நின்றது. விபத்துக்குப் பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. மாஸ்டர் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். டிங்கர் ஒரு அட்டையை விரித்து, மல்லாக்கப் படுத்து, வேனுக்கு அடியில் நகர்ந்தார். கண்டக்டர் தரையில் கன்னத்தை வைத்து டார்ச் பிடித்தார்.

"லைட்டை ஆட்டாதீங்க."

"ஆட்டலை அண்ணே. தொப்பை மூச்சு விடுது."

டிங்கர் சுரண்டியின் முனையால் வெள்ளைப் பசையைக் கிளப்பினார். அது நாடா போல நீளமாக உரிந்து வந்தது. அடியில் சாம்பல் பசை, பிரஷ் கோடுகளோடு. அதையும் ஒரு விரல் நீளம் கீறி எடுத்தார். அடியில் துரு தடுக்கும் பிரைமர். அதையும் சுரண்டினார். தகரம் பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

அவர் கட்டை விரலை அந்த இடத்தில் வைத்தார். வைத்தபடி நெடுநேரம் அசையாமல் கிடந்தார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண்ணோரம் மின்னியதைக் கண்டக்டர் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பது போல வெளிச்சத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"சுரண்டியிருக்கேன்," என்றார் டிங்கர். தனக்குத்தானே.

"அப்ப கீழே எப்படித் துரு வந்துச்சு?" என்று குனிந்து கேட்டாள் ஒற்றைச்சடை.

அவர் பிய்ந்த இடத்துக்கு நகர்ந்து, உள்ளே வெளிச்சம் அடிக்கச் சொன்னார். "மட்டத்தைப் பாருங்க, மேடம். ஜாயின்ட்ல ஆரம்பிச்ச துருன்னா வேர் மாதிரி கோணல்மாணலா ஓடும். இது தண்ணித் தொட்டியில கறை பிடிச்ச மாதிரி ஒரே மட்டத்துல நிக்குது. மேலே சுத்தம், கீழே அரிச்சிருக்கு. உள்ளே தண்ணி நின்னிருக்கு. மாசக்கணக்குல."

"உள்ளே எப்படித் தண்ணி வரும்?"

"ஜன்னல் ரப்பர் வழியா கொஞ்சம் எப்பவும் இறங்கும். எல்லா வண்டியிலயும் இறங்கும். அதனாலதான் அடியில வரிசையா ஓட்டை விட்டிருப்பாங்க, இறங்கினது வெளியே போக. நாங்க கண்ணுன்னு சொல்லுவோம். பக்கத்துக்கு ஆறு கண்ணு." பேசிக்கொண்டே கையால் தடவியவர் நிறுத்தினார். "லைட்டை இங்க காட்டுங்க."

வண்டியின் அடி ஓரத்தில் வரிசையாக ஆறு வெள்ளை மொட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்ன வால்.

"கண்ணு எல்லாத்தையும் அடைச்சிருக்காங்க," என்றார் டிங்கர்.

அவர் ஸ்க்ரூடிரைவரால் முதல் மொட்டைக் குத்தினார். பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழிந்து, தரையில் இறங்கி, சுவரோரம் ஓடியது. அது தன் ஊன்றுகோலைத் தொடும் முன் மாஸ்டர் அதை நகர்த்திக்கொண்டான்.

"அந்த வெள்ளையை அக்காதான் போடுவா," என்றான் மாஸ்டர். "மாசாமாசம். அதுபோக மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. குளியலறைக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சுன்னு ஆரம்பிச்சா. அப்புறம் இதுக்குன்னே வாங்குவா." அவன் ஒற்றைச்சடையை நிமிர்ந்து பார்த்தான். "இதை அவகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

"அப்ப இவர் பேரு?" என்று கண்டக்டர் கேட்டார். அவர் குரலில் முதல் முறையாக விளையாட்டு இல்லை.

"வேற மாதிரி எழுத முடியாதா? தப்பு யார் மேலயும் இல்லன்னு. வண்டி பழசுன்னு. இடுப்பு என்னோடது. நானே விட்டுடறேன்னு சொல்றேன். அவ காலையில எழுந்ததும் முதல்ல என் கால் சத்தம் எப்படி இருக்குன்னுதான் கேக்கறா. அவளுக்கு இது தெரிஞ்சா, அப்புறம் அந்தச் சத்தத்தை அவளால கேக்க முடியாது."

டிங்கர் அடியிலிருந்து வெளியே வந்தார். முதுகெல்லாம் ஈரம். எழுந்து நின்றார்.

"தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதினா, எல்லாரும் என் மேலதான்னு படிப்பாங்க. ஆறு மாசம் நான் அடுத்தவன் வண்டியில நுரை தேச்சிருக்கேன். என் பேரு எனக்கு வேணும். முழுசா வேணும்."

அவர் சொன்னது நியாயம். மாஸ்டர் கேட்டதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒற்றைச்சடைக்கு, இவர்கள் இருவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது தன்னுடைய அரை நிமிடச் சோம்பல்தான் என்பது தெரிந்தது.

"என்ன எழுதணும்? யாருக்கு என்ன தெரியக் கூடாது?"

கேக் அம்மா கொட்டகை வாசலில் நின்றாள். இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தரையில் சுருண்டு கிடந்த வெள்ளை நாடாக்களைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"இதை ஏன் உரிச்சீங்க? இது நான் போட்டது."

"தெரியும்மா. எட்டு மாசம் முன்னாடி என்கிட்ட நீங்க இதைச் சொல்லலையே," என்றாள் ஒற்றைச்சடை.

"நீங்க கேக்கலையே. டிங்கர் என்னென்ன பண்ணாருன்னு கேட்டீங்க. நான் என்ன பண்ணேன்னு கேக்கவே இல்ல."

அதுவும் உண்மை. ஒற்றைச்சடை தலையைக் குனிந்துகொண்டாள்.

கேக் அம்மா டிங்கர் பக்கம் திரும்பினாள். "அப்படியே நான் போட்டதுல என்ன தப்பு? நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்? வண்டியை எடுக்க வந்த அன்னிக்கு நீங்களே சொன்னீங்க. ஒரு வார்த்தை மறக்கல. 'ஜாயின்ட்டு எங்கயாவது வாய் விட்டிருந்தா உடனே மூடிடுங்க, கண்ண மட்டும் மூடிடாதீங்க'ன்னு. நான் கண்ண மூடினேனா? வண்டி ஓடின வரைக்கும், மாசாமாசம், டார்ச் வெச்சுக்கிட்டு முட்டி போட்டு இந்த வண்டிக்கு அடியில பாத்திருக்கேன். ஜாயின்ட்டு முழுக்கக் கோடு இழுத்திருக்கேன். ஒரு சின்ன ஓட்டையைக்கூட விட்டதில்ல. அப்புறமும் பிஞ்சு போச்சுன்னா, அது உங்க வேலை சரியில்லாததுனாலதானே?"

டிங்கரின் கையிலிருந்த சுரண்டி மெல்லக் கீழே தாழ்ந்தது. அவர் உதடுகள் அசைந்தன. அந்த வாக்கியத்தை அவர் தனக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. பட்டறையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லும் வாக்கியம். பட்டறைக்காரன் யாராக இருந்தாலும் சரியாகப் புரிந்துகொள்வான். அவள் பட்டறைக்காரி இல்லை. அவள் கேக் செய்கிறவள்.

கண்டக்டர் டார்ச்சை அணைத்தார்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டாள் கேக் அம்மா. குரலில் கோபம் குறைந்து, வேறு ஏதோ வந்திருந்தது. "டேய், நீயாவது சொல்லேன்."

மாஸ்டர் தரையைப் பார்த்தான்.

சொல்ல வேண்டியது தன் வேலை என்று ஒற்றைச்சடைக்குத் தெரிந்தது. போன முறை வேகமாகச் சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அவர் சொன்ன கண்ணு உங்க கண்ணு இல்லம்மா. வண்டியோட கண்ணு. அடியில தண்ணி வெளியே போற ஓட்டைங்களுக்குப் பட்டறையில அதுதான் பேரு. அதை மூடாதீங்கன்னு சொல்லியிருக்காரு."

கேக் அம்மா சிரிக்கப் போவது போல இருந்தது. பிறகு தரையில் ஓடிய பழுப்புத் தண்ணீரைப் பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தாள். முட்டி போட்டாள். குனிந்து, கண்ணாடியைத் துணியில் துடைத்து மாட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் பார்த்தாள். மீதி ஐந்து மொட்டுகளும் அவள் வைத்தபடியே இருந்தன. ஒன்றைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, எழுந்திரு. தரை ஈரமா இருக்கு."

அவள் எழவில்லை. டிங்கரை நிமிர்ந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. ஏதோ விலாசம் கேட்பது போல, மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்.

"ஓட்டைன்னு சொல்லியிருக்கலாமே."

டிங்கர் கையிலிருந்த சுரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறிக்கை தப்பு," என்றாள் ஒற்றைச்சடை டிங்கரிடம், அவசரமாக. "தப்பு என்னோடது. நாளைக்கே சங்கத்துக்குப் போய், அதே முப்பது பேர் முன்னாடி நின்னு சொல்றேன். நீங்க சுரண்டியிருக்கீங்க, மருந்து போட்டிருக்கீங்க, ஒரு குறையும் இல்லன்னு எழுதித் தர்றேன். உங்க பேரு முழுசா வந்துடும்."

இந்தச் சொற்களுக்காக அவர் எட்டு மாதம் காத்திருந்தார். இப்போது அவை அவர் காதில் விழுந்தனவா என்றே தெரியவில்லை; அவர் உதடு இன்னும் 'கண்ண மட்டும் மூடிடாதீங்க' என்றே அசைந்துகொண்டிருந்தது. அவர் மாஸ்டரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊன்றுகோலை. பிறகு தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைகளை, மாவும் கிரீமும் துருத் தண்ணீரும் கலந்து ஈரமாயிருந்த அந்த நல்ல கைகளை.

அவர் மறுபடியும் அட்டையில் படுத்தார். மீதி ஐந்து மொட்டுகளையும் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். தண்ணீர் முழுவதும் வடியும் வரை அடியிலேயே கிடந்தார். வெளியே வந்து சுரண்டியைத் துடைத்துப் பையில் போட்டார். உரிந்த வெள்ளை நாடாக்களைப் பொறுக்கி, உருண்டையாகச் சுருட்டி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்றார் கண்டக்டர்.

சுவருக்கும் வேனுக்கும் நடுவே வழி குறுகலாக இருந்தது. மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டான். டிங்கர் அவன் அருகே ஒரு நொடி நின்றார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொட்டகையைத் தாண்டி, கேட்டைத் திறந்து, சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.